வெள்ளிக்கிழமை மாத்திரை



பேச்சைத் தொடங்குமுன் ஒரு சின்ன வேலை. உங்கள் இடது கையை நீட்டுங்கள். விரல்கள் புறப்படும் இடத்தில் நான்கு முட்டிகள் வரிசையாக இருக்கின்றன அல்லவா? அவற்றை வலது கையால் இரு பக்கமும் சேர்த்துப் பிடித்து, எலுமிச்சம்பழத்தைப் பதம் பார்ப்பது போல மெதுவாக அழுத்துங்கள். ஒன்றும் தெரியவில்லையா, நிம்மதியாகக் காபியைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். 'ஸ்ஸ்' என்று கையை இழுத்துக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் வானொலியைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு உங்களுக்குத்தான்.

விழுப்புரத்தை அடுத்த கெடார் பக்கம் பல வருடம் வைத்தியம் பார்த்தவன் நான். அங்கே, கை முட்டி வலிக்கும் இந்த நோயை முதலில் காட்டிக் கொடுப்பது பெரும்பாலும் மல்லாட்டைதான். வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன், வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் மல்லாட்டை. விதைக்கு உடைக்கும் நாட்களில் பெண்கள் வட்டமாக உட்காருவார்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு அழுத்து, 'டக்'கென்று ஓடு பிளக்கும், பருப்பு மடியில் விழும். அந்த வேலையில் கெட்டிக்காரியான ஒரு அக்கா, முப்பத்தைந்து வயது இருக்கும், ஒரு நாள் என் எதிரில் உட்கார்ந்து கண் கலங்கினார். "முன்னெல்லாம் நான்தான் சார் மொதல்ல படி ரொப்புவேன். இப்ப ஒரு கொட்டைய ஒடைக்கறதுக்குள்ள உசுரு போவுது. காலங்காத்தால கை மடங்கவே மாட்டேங்குது. கோலமாவு விரல்ல நிக்கல."

எத்தனை மணிக்குக் கை சரியாகிறது என்று கேட்டேன். "புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பற வரைக்கும் இப்படித்தான் சார்" என்றார்.

பாதி நோயறிதல் அந்தப் பதிலிலேயே முடிந்துவிட்டது. வயதாகித் தேயும் மூட்டும் காலையில் இறுகும்தான். ஆனால் நாலு எட்டு நடந்தால், அரை மணிக்குள் விட்டுவிடும். இந்த நோயில் ஒரு மணி, இரண்டு மணி என்று நீளும். இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி வீங்கும். மணிக்கட்டு, விரல் முட்டி, நடு மூட்டு வீங்கும். நகத்தை ஒட்டிய கடைசி மூட்டை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வரும். பெரியவர்கள் இதைச் சரவாங்கி என்பார்கள். மருத்துவப் புத்தகங்களில் முடக்கு வாதம். உடம்பைக் காவல் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, மூட்டின் உள்சவ்வையே பகையாக நினைத்துத் தாக்குகிறது. வீக்கமும் வலியும் அதன் விளைவுதான். கவனிக்காமல் விட்டால் எலும்பு அரித்து விரல் கோணிவிடும். கோணிய விரலை மாத்திரையால் நிமிர்த்த முடியாது. அதனால்தான் முதல் சில மாதங்களை நாங்கள் பொன்னாக மதிக்கிறோம்.

அந்த அக்கா எட்டு மாதத்தைத் தொலைத்துவிட்டு வந்திருந்தார். உப்பு ஒத்தடம், வலி ஊசி, பிறகு யாரோ சொல்லி யூரிக் அமிலப் பரிசோதனை. யூரிக் அமிலத்தால் வருவது வேறு வாதம், நேயர்களே. அது பெரும்பாலும் கால் பெருவிரலில் திடீரென்று நெருப்பாகப் பிடிக்கும். இந்த நோய்க்கு ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சிசிபி என்று தனிப் பரிசோதனைகள் உண்டு. சிலருக்கு அவற்றிலும் ஒன்றும் தெரியாமல் போவதால், கையைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவர்தான் முக்கியம்.

சரி, மருந்துக்கு வருகிறேன். மெத்தோட்ரெக்சேட். பெயர் கொஞ்சம் கடினம், நான் மெதுவாகச் சொல்கிறேன்: மெத்தோ-ட்ரெக்-சேட். வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடும் மருந்து. வலியை மறைப்பதோடு நின்றுவிடாமல் நோயின் வேகத்தையே அடக்கும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு நான் வெள்ளிக்கிழமை என்று வைத்துவிடுவேன். தலைக்கு ஊற்றி விளக்கேற்றும் நாள், மறக்காது. மசூதிக்குப் போகும் பாய்க்கும் வெள்ளிதான். சர்ச்சுக்குப் போகும் அம்மாவுக்கு ஞாயிறு. சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அந்தத் தாள்களை மட்டும் சிவப்பு மையால் வட்டமிட்டுக் கொடுப்பேன்.

இந்த மாத்திரையின் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. 1895-ல், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் எல்லப்பிரகட சுப்பாராவ் பிறந்தார். ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குச் சகோதரர்கள் இருவரைப் பறிகொடுத்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தார். காந்தியின் அழைப்பைக் கேட்டு அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதராடையில் போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. முடிவில் எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். பிறகு அமெரிக்கா போய், ஹார்வர்டிலும் அதன்பின் லெடர்லே என்ற மருந்து நிறுவனத்திலும் ஆராய்ச்சி செய்தார். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது அவர் தலைமையில் இருந்த குழுதான். கீரையில் இருக்கும் சத்து அது. சகோதரர்களைக் கொண்டுபோன அதே ஸ்ப்ரூவைக் குணப்படுத்தும் மருந்தாகவும் அது ஆனது.

ஃபோலிக் அமிலத்தின் சாயலிலேயே, ஆனால் அதன் வேலையைத் தடுக்கும் சரக்குகளையும் அந்த ஆய்வகம் செய்தது. மெத்தோட்ரெக்சேட் அந்தக் குடும்பத்துப் பிள்ளை. முதலில் அவை குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குப் பயன்பட்டன. 1951-ல் அந்தக் குடும்பத்து மருந்து ஒன்று வாதத்துக்கும் கேட்கிறது என்று மருத்துவர்கள் எழுதினார்கள். அமெரிக்காவில் மெத்தோட்ரெக்சேட்டை இந்த வாதத்துக்கென்று முறையாக அனுமதித்தது 1988-ல்தான். சுப்பாராவ் 1948-லேயே, 53 வயதில், போய்ச் சேர்ந்துவிட்டார். நம் பக்கத்தில் யானைக்கால் நோய்க்கு வீடு வீடாக மாத்திரை கொடுத்தார்களே, அந்த மருந்தும் அவர் குழுவின் கொடைதான். கதர் போட்டதற்காகப் பட்டம் மறுக்கப்பட்ட மாணவரின் உழைப்பு, இன்று கெடாரில் ஒரு அக்காவின் காலண்டரில் சிவப்பு வட்டமாக நிற்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

இப்போது பேனா இருந்தால் எடுங்கள். வாரத்துக்கு ஒரே நாள் என்று சொன்னேன். தினமும் சாப்பிட்டால் இது விஷம். ஒரு பாட்டிக்குச் சீட்டில் சரியாக எழுதாமல், கொடுத்தவர்களும் 'தினம் ஒண்ணு' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஒன்பதாம் நாள் வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை, ரத்த அணுக்கள் விழுந்துவிட்டன. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து, ஃபோலினிக் அமில ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். பக்க விளைவைக் குறைக்க இதோடு ஃபோலிக் அமில மாத்திரையும் தருவோம், வேறு நாளில். இரண்டும் சின்ன மாத்திரை, இரண்டும் மஞ்சளாக வருவதுண்டு. ஒரே டப்பாவில் போடாதீர்கள். ரத்தப் பரிசோதனையை, முக்கியமாகக் கல்லீரலுக்கும் அணுக்களுக்கும், மருத்துவர் சொன்ன இடைவெளியில் தவறாமல் செய்துவிடுங்கள். சாராயம் கூடவே கூடாது. பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இந்த மருந்தோடு கர்ப்பம் ஆகவே கூடாது. காய்ச்சல், வாய்ப்புண், மூச்சுத்திணறல் வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே போய்க் காட்டுங்கள்.

இன்னொன்று, பொறுமை. இந்த மருந்து கேட்க ஆறு வாரம், சிலருக்குப் பன்னிரண்டு வாரம்கூட ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்கச் சிறிதளவு ஸ்டீராய்டு கொடுப்பதுண்டு. 1948-ல் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைப் போட்டதும் படுத்த நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். உலகமே வியந்தது, 1950-ல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அதையே வருடக்கணக்கில் விழுங்கினால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு உளுத்துப்போகும். பெயர் எழுதாத பொட்டலத்தில் 'போட்ட உடனே சுகம்' தரும் மாத்திரையை யாராவது நீட்டினால் அதில் இதுதான் இருக்குமோ என்று சந்தேகப்படுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுக் கடிதம் எழுதுவீர்கள், தெரியும். என் மனசில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் வாதம் என்றதும் வீட்டார் அந்தப் பெண்ணின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுகிறார்கள். உருளைக்கிழங்கு வாயு, பருப்பு வாயு, கத்திரிக்காய் கரப்பான், தயிர் குளிர்ச்சி. கடைசியில் அவளுக்கு மிஞ்சுவது ரசம் சோறு. ஏற்கெனவே இந்த நோய் ரத்தத்தைக் குறைக்கும், சதையை உருக்கும். பட்டினி போட்டால் எங்கே போவாள்? அவளுக்கு முட்டை கொடுங்கள், பருப்பு கொடுங்கள். மரக்காணத்து மீன் வரும்போது விலை குறைந்த மத்தியை வாங்குங்கள். அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு வீக்கத்தைக் கொஞ்சம் தணிக்கும். கேழ்வரகுக் கூழ் நல்லது, 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஒரு பொருளைச் சாப்பிட்டால் ஒவ்வொரு முறையும் வலி கூடுகிறது என்று உங்களுக்கே தெரிந்தால் அதை மட்டும் தவிருங்கள், போதும்.

முடக்கத்தான் கீரை? வேலியோரம் படர்ந்து பலூன் போலக் காய் விடும் அந்தக் கொடி எனக்கும் பிடிக்கும். எங்கள் வீட்டில் வாரம் ஒரு நாள் முடக்கத்தான் தோசைதான். கீரையாகத் தாராளமாகச் சாப்பிடுங்கள். முடக்கத்தான் சாப்பிடுகிறேனே என்று வெள்ளிக்கிழமை மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியவர்கள் ஆறு மாதம் கழித்துக் கோணிய விரலோடு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் அதை இன்றே விடுங்கள். இந்த நோயை அது வரவழைக்கவும் செய்யும், முற்றவும் வைக்கும்.

நேரம் நெருங்குகிறது, கைவேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து, விரல்களைப் பத்து முறை மடக்கி விரியுங்கள். கரண்டிப் பிடியில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்குங்கள். குழம்புச் சட்டியை விரலால் தூக்காமல் இரண்டு உள்ளங்கையாலும் ஏந்துங்கள். வீக்கம் அதிகமான நாளில் மட்டும் ஓய்வு, மற்ற நாளில் நடை.

அந்த மல்லாட்டை அக்காவைக் கேட்பீர்கள். மூன்றாம் மாதம் வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போட்டார். ஒரு விரல் லேசாகக் கோணித்தான் இருக்கிறது. தொலைத்த எட்டு மாதத்தின் கணக்கு அது.

உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், கை மடங்காமல் எழுந்திருப்பவர் இருந்தால், எத்தனை வாரமாக என்று கேளுங்கள். ஆறு வாரம் தாண்டியிருந்தால் இந்த வாரமே கூட்டிப் போங்கள். முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் இந்த வகை நோய்களுக்கென்றே தனித் துறை இருக்கிறது. சென்னை போகிறவர்களுக்கு, சுப்பாராவ் படித்த கல்லூரியைச் சேர்ந்த ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் வாதநோய்ப் பிரிவு இருக்கிறது. இதுவரை சாப்பிட்ட மாத்திரை அட்டைகள், பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு மறக்காமல் எடுத்துப் போங்கள்.