ரயில் டிக்கெட்டும் ஒரு கச்சேரியும்

(நமது சங்கத்தின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாடு பெருமைப்படத்தக்க தொழில்நுட்பம் ஒன்றைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். ராக்கெட்டைப் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது ரயில் டிக்கெட். உத்தியோகத்துக்காக டில்லி, மும்பை, கொல்கத்தா என்று பல ஊர்களில் குடியேறியவர்கள் நாம். கல்யாணமோ, சஷ்டியப்தபூர்த்தியோ, எதுவானாலும் நம் வீட்டில் முதல் கேள்வி "டிக்கெட் கிடைத்ததா?" என்பதுதானே!

இன்றைய இளைஞர்களுக்குப் பழைய கதை தெரியாது. அன்று ஒவ்வொரு ரயிலுக்கும், ஒவ்வொரு தேதிக்கும் தனித்தனிப் பேரேடு. அந்தந்த ரயிலுக்கு உரிய கவுண்டரில்தான் நிற்க வேண்டும். டில்லியிலிருந்து சென்னை சென்று திரும்புவதென்றால், திரும்பும் பயணத்துக்குத் தந்தி மூலம் அங்கே இடம் கேட்க வேண்டும். போவது நம் கையில், திரும்புவது பகவான் கையில்!

1985-ஆம் ஆண்டு நவம்பரில் புது டில்லியில் கணிப்பொறி முன்பதிவு சோதனை முறையில் தொடங்கியது. அப்போது பொதுத்துறையில் இருந்த சி.எம்.சி. நிறுவனம் உருவாக்கிய மென்பொருள் அது. 1986-இல் ரயில்வே தனக்கென்று 'கிரிஸ்' என்ற தகவல் தொழில்நுட்ப அமைப்பை ஏற்படுத்திக்கொண்டது. மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய இடங்களிலும் கணிப்பொறி வந்தது. ஆனால் ஐந்து மையங்களும் ஐந்து தீவுகளாகவே இருந்தன. அவற்றை இணைக்க 'கிரிஸ்' எழுதிய மென்பொருள் 1994-இல் செகந்தராபாத்தில் முதலில் அமலுக்கு வந்தது. 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் ஒன்றாயின. எந்த ஊர் கவுண்டரிலும், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கும் டிக்கெட் வாங்கலாம் என்ற நிலை அப்போதுதான் வந்தது.

இதில் என்ன பெரிய கஷ்டம் என்று தோன்றலாம். நான் ரயில்வேயில் பணியாற்றியவன் அல்ல, பி.எஸ்சி. படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மீதமிருப்பது ஒரே ஒரு படுக்கை. அதை டில்லியில் ஒருவரும் சென்னையில் ஒருவரும் ஒரே விநாடியில் கேட்கிறார்கள். ஒருவருக்குக் கொடுத்து முடிக்கும்வரை மற்றவரைக் காக்க வைக்க வேண்டும். அவருக்கு அது தெரியவும் கூடாது. நடுவில் தொலைபேசி இணைப்பு அறுந்தால் அந்தப் படுக்கை யாருக்கு? இதற்கெல்லாம் முன்கூட்டியே விடை எழுதி வைத்தாக வேண்டும்.

அதைவிடக் கடினம் விதிகள். ஒவ்வொரு நிலையத்துக்கும் தனி ஒதுக்கீடு, ஆர்.ஏ.சி., காத்திருப்போர் பட்டியல், சலுகைகள். 72 படுக்கை கொண்ட பெட்டியில் எண்ணை எட்டால் வகுத்து மீதி 1 அல்லது 4 வந்தால் கீழ்ப் படுக்கை. 60 வயதான ஆணுக்கும் 45 வயதான பெண்ணுக்கும், இடமிருந்தால், அதைத் தானாகவே ஒதுக்க வேண்டும். இந்த விதிகளில் பழகியவர் முன்பதிவு எழுத்தர். அவருக்கு மென்பொருள் தெரியாது. மென்பொருள் எழுதுபவருக்கோ ரயில்வே விதி தெரியாது. ஒருவருக்கொருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்காமல் இந்த வேலை நடந்திருக்காது. அலுவலகங்களில் கணிப்பொறி வந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சிய காலம் அது. அந்தக் காலத்தில்தான், பேனா பிடித்தே பழகிய எழுத்தர்கள் விசைப்பலகை கற்றார்கள். இரவில் கண்விழித்து இணைப்புகளைப் பராமரித்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மென்பொருளின் பெயர் 'கான்சர்ட்'. ஒரு நீண்ட ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான். ஆனால் அந்தச் சொல்லுக்குக் கச்சேரி என்றும் அர்த்தம். எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! நம் கச்சேரி நோட்டீஸில் பாடகர் பெயர் பெரிதாக இருக்கும். பக்கவாத்தியக்காரர்கள் பெயர் சிறிதாக இருக்கும். தம்பூரா போடுபவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. சுருதி விலகினால் கச்சேரி ஏது? 2002 ஆகஸ்டில் இணையத்தில் டிக்கெட் வாங்கும் வசதி வந்தபோது டிக்கெட் கூரியரில் வீடு தேடி வந்தது. 2005-இல் இ-டிக்கெட் வந்தது. இரண்டுக்கும் ஆதார சுருதி அந்தப் பழைய குழுவின் உழைப்புதான்.

இதை ஏன் நம் சபையில் சொல்கிறேன்? சில மாதங்களுக்கு முன் என் பேத்தி, தன் கம்பெனியின் செல்போன் ஆப்பில் முதியவர்களுக்காக எழுத்தைப் பெரிதாக்கும் வசதி வெளியானதென்று பூரிப்போடு சொன்னாள். இருபது பேர் ஆறு மாதம் செய்த வேலை. உறவினர் ஒருவர், "இதற்கா இருபது பேர்? அதில் நீ என்னம்மா செய்தாய்?" என்று கேட்டார். குழந்தையின் முகம் வாடிவிட்டது. "எழுத்து பெரிதானால் பக்கத்தில் இருக்கும் பட்டன் மறைந்துவிடும் தாத்தா, அது மறையாமல் பார்த்துக்கொண்டேன்" என்று பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள். கண் மங்கிய எனக்கு அதன் அருமை தெரியும்.

முதல் ராங்க், தங்க மெடல் இவற்றையே கொண்டாடிப் பழகியவர்கள் நாம். அதில் தவறில்லை. ஆனால் பரீட்சை ஒன்றுதான் தனியாக எழுதுவது. அதற்குப் பிறகு நம் பிள்ளைகள் செய்யும் வேலை எல்லாம் பத்துப் பேரோடு சேர்ந்துதான். அங்கே "நாங்கள் செய்தோம்" என்று சொல்வதும் பெருமையே என்று வீட்டில் யாராவது சொல்லித்தர வேண்டாமா?

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுவிழாவில் மதிப்பெண்ணுக்குப் பரிசளிக்கும்போது, குழுவாகச் சேர்ந்து ஒரு நல்ல காரியம் செய்து முடித்த இளைஞர்களையும் மேடைக்கு அழையுங்கள். உடன் உழைத்தவர்களின் பெயர்களை அவர்களே வாசிக்கட்டும். நாம் கைதட்டுவோம்.