டெஸ்டரின் இனிஷியல்

(வேலை தேடும், வேலை மாற நினைக்கும் இளைஞர்களுக்காக நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருப்பவர்கள் பலர். குழந்தை பிறந்தபின் வேலையை விட்டு, மறுபடி சேர வழி தேடும் சகோதரிகளும் இருக்கிறார்கள். "இத்தனை வருஷம் உழைத்தும் இன்டர்வியூவில் காட்ட ஒன்றுமில்லை அங்கிள்" என்பதுதான் அவர்கள் குறை. நியாயமான குறை. புரோகிராம் எழுதுபவர் தான் செய்ததைக் காட்டலாம். டெஸ்டர் ஒழுங்காக வேலை பார்த்தால் தவறு நடக்காது. நடக்காத தவறை யார் கவனிப்பார்கள்?

நான் பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்தவன். புரோகிராம் எழுத வராது. ஆனால் சரிபார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. பார்த்த ஒவ்வொரு வவுச்சரிலும் இனிஷியல் போடுவோம். சிலர் இனிஷியல் இருந்தால் மேலே பார்ப்பவருக்குக் கவலை இருக்காது. பல வருஷம் கணக்கு டேலி ஆனதால் வந்த மதிப்பு அது. இன்று 'பர்சனல் பிராண்ட்' என்கிறார்களே, என் கணக்கில் அது இந்த இனிஷியல்தான்.

டெஸ்டருக்கு இனிஷியல் என்பது அவர் எழுதும் பக் ரிப்போர்ட். ஓர் உதாரணம் சொல்கிறேன். முன்பு சேமிப்புக் கணக்கில், மாதத்தின் 10ஆம் தேதி முதல் கடைசித் தேதி வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. 2010 ஏப்ரல் 1 முதல்தான் தினசரி இருப்புக்கு வட்டி வந்தது. பழைய விதியில் 10ஆம் தேதி கட்டிய பணத்துக்கு அந்த மாத வட்டி உண்டு. 11ஆம் தேதி கட்டினால் இல்லை. அப்படியானால் சோதிக்க வேண்டியது அந்த இரண்டு நாட்களைத்தான். உங்கள் துறையில் இதை பவுண்டரி வேல்யூ என்கிறார்கள்.

"வட்டி தப்பாக வருகிறது" என்று எழுதினால் பயனில்லை. "இருப்பு 1,000 ரூபாய், 11ஆம் தேதி 5,000 கட்டினேன், 1,000க்கு வட்டி வர வேண்டும், 6,000க்கு வந்தது" என்று எழுதுங்கள். படிப்பவர் அதே படிகளைச் செய்து அதே தவறைத் தானே பார்ப்பார். உங்கள் பெயர் அவர் மனதில் நிற்கும்.

"கம்பெனி வேலையை வெளியில் காட்டக் கூடாதே" என்பீர்கள். கூடவே கூடாது, வேலைக்கே ஆபத்து. அதற்குத்தான் ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்ற திறந்த மென்பொருள்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் பக்ஸில்லா என்ற பொதுப் பதிவேடு உண்டு. யார் வேண்டுமானாலும் பதிவுசெய்து குறை எழுதலாம். ஏற்கெனவே யாராவது எழுதியிருக்கிறார்களா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

தமிழிலிருந்தே தொடங்கலாம். 'கொ' என்று அடித்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டினால் என்ன அழிகிறது? பிடிஎஃப் ஆக்கியபின் அதிலிருந்து நகலெடுத்தால் எழுத்து உடைகிறதா? தமிழ் தெரியாத டெஸ்டர் கண்ணில் இவை எளிதில் படாது. நீங்கள் எழுதுவது தேதியோடு, பெயரோடு அங்கே நிற்கும். அந்த இணைப்பை பயோடேட்டாவில் போடுங்கள். இடையில் வேலை இல்லாத வருஷங்களுக்கும் அது சாட்சி சொல்லும்.

மூன்று எச்சரிக்கைகள். பாதுகாப்பு ஓட்டை கண்டால் பொதுவில் எழுதாதீர்கள். பக்கத்து வீட்டுப் பூட்டு உடைந்திருப்பதை மைக்கில் அறிவிப்போமா? தனியாகத் தெரிவிக்க வழி இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். அடுத்து, புரோகிராம் எழுதியவரைக் குறை சொல்லாமல் நடந்ததை மட்டும் எழுதுங்கள். கடைசியாக, லிங்க்ட்இன்னில் அடுத்தவர் எழுதியதை நகலெடுத்துப் போடாதீர்கள். நீங்களே சோதித்த ஒன்றைப் பற்றி மாதம் ஒரு பத்தி எழுதினால் போதும்.

சான்றிதழ் வேண்டாமா என்று கேட்பீர்கள். ஐ.எஸ்.டி.க்யூ.பி. அடிப்படைத் தேர்வில் 40 கேள்விக்கு 26 சரியாக இருந்தால் பாஸ். எழுதுங்கள், நல்லதுதான். ஆனால் அதே சான்றிதழ் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்களிடமும் இருக்கும். உங்கள் ரிப்போர்ட் உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

அடுத்த மூன்று மாதத்தில் மூன்று ரிப்போர்ட் எழுதுங்கள். அனுப்புமுன் என்னிடம் காட்டலாம்; மாலையில் சங்க அறையில்தான் இருப்பேன். கம்ப்யூட்டர் படிக்காத எனக்கே புரிந்தால், தாராளமாக அனுப்பிவிடலாம்.