விஞ்ஞானம் எது? நம்பிக்கை எது?



விஞ்ஞானம் என்ற பெயருக்கு இன்று உலகத்தில் மிக்க மரியாதை இருந்து வருகின்றது. அதனாலேயே ஜோசியனும் தன் தொழிலை விஞ்ஞானம் என்கின்றான். லேகியம் விற்கின்றவனும் தன் சரக்கை விஞ்ஞானம் என்கின்றான். ஆகவே எது விஞ்ஞானம், எது வெறும் நம்பிக்கை என்று உரைத்துப் பார்க்க ஓர் உரைகல் நமக்கு அவசியமாகும். அப்படி ஒன்றைக் கொடுத்தவர் கார்ல் பாப்பர் என்னும் அறிஞர். 1902ல் வியன்னா நகரத்தில் பிறந்து, 1934ல் வெளியான தமது ஜெர்மன் நூலில் அதை விளக்கி, 1994ல் காலமானவர். அவரது கொள்கையை விமர்சனப் பகுத்தறிவு வாதம் என்பார்கள்.

1919ல் அவர் வாலிபராயிருந்த போது, ஆட்லர் என்ற பிரபல மனோதத்துவ நிபுணரிடம் ஒரு குழந்தையின் விஷயத்தைச் சொன்னார். ஆட்லர் குழந்தையைக் கண்ணால் பார்க்காமலே, அதற்குத் தாழ்வு மனப்பான்மைதான் காரணமென்று விளக்கிவிட்டார். எப்படி இவ்வளவு நிச்சயமாய்ச் சொல்லுகிறீர்கள் என்று கேட்டதற்கு, தமக்கு ஆயிரம் அனுபவம் உண்டு என்றார். அப்படியானால் இதோடு ஆயிரத்தொன்று ஆகிவிட்டதாக்கும் என்றாராம் பாப்பர்.

இதிலுள்ள சூட்சுமமென்ன? ஒருவன் குழந்தையைக் கொல்ல ஆற்றில் தள்ளினாலும் தாழ்வு மனப்பான்மை. மற்றொருவன் தன் உயிரைக் கொடுத்து அதைக் காப்பாற்றினாலும் தாழ்வு மனப்பான்மை என்றால், எதுதான் அந்தச் சித்தாந்தத்துக்கு விரோதமாக நடக்க முடியும்? எது நடந்தாலும் ஜெயிக்கின்ற சித்தாந்தம் எது நடக்கும் என்பதை நமக்குச் சொல்லவே இல்லை.

இனி அதே 1919ல் நடந்த மற்றொன்றைப் பாருங்கள். சூரியனுக்குப் பக்கமாய் வரும் நட்சத்திர ஒளி 1.75 விகலை வளையும் என்று ஐன்ஸ்டீன் கணக்குச் சொல்லியிருந்தார். விகலை என்பது ஒரு டிகிரியில் 3600ல் ஒரு பங்கு. நியூட்டன் வழிக் கணக்குப்படியோ அதில் பாதிதான் வரும். மே மாதம் 29ந் தேதி பூரண சூரிய கிரகணத்தில் ஆப்பிரிக்காவுக்கு அருகிலுள்ள பிரின்சிபே தீவிலும், பிரேசில் தேசத்துச் சோப்ராலிலும் படம் பிடித்துப் பார்த்தார்கள். ஐன்ஸ்டீன் கணக்கே ஒத்தது என்று நவம்பரில் லண்டனில் அறிவித்தார்கள். பாப்பரைக் கவர்ந்தது அந்த ஜெயம்கூட அல்ல. தோற்கும்படியான இடத்தில் துணிந்து போய் நின்றாரே, அந்த யோக்கியதைதான். இன்னது நடந்தால் என் கொள்கை தவறு என்று முன்கூட்டியே சொல்லுகின்றவன் விஞ்ஞானி.

ஒரு முறை கணக்குத் தவறினால் உடனே எல்லாவற்றையும் விட்டுவிடுவதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். யுரேனஸ் கிரகம் நியூட்டன் கணக்குப்படி ஓடவில்லை. வெளியே மற்றொரு கிரகம் இருந்து இழுக்கவேண்டும் என்று லெவெரியே என்ற பிரெஞ்சுக்காரர் சமாதானம் சொல்லி, அது இருக்கும் இடத்தையும் குறித்தார். 1846ல் பெர்லினில் தேடிப் பார்த்ததில், குறித்த இடத்துக்கு ஒரு டிகிரிக்குள்ளாகவே நெப்டியூன் அகப்பட்டது. பிறகு புதன் கிரகத்தின் ஓட்டத்திலும் பிசகு தெரிந்தது. அதற்கும் சூரியனுக்கும் நடுவே ஒரு கிரகம் இருக்கவேண்டும் என்று 1859ல் அதே லெவெரியே சொன்னார். வல்கன் என்று பெயர்கூட வைத்தாய்விட்டது. எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. அப்பிசகுக்கு 1915ல் ஐன்ஸ்டீன் கணக்குத்தான் விடை சொல்லிற்று.

ஆகவே சமாதானம் சொல்லுவது குற்றமல்ல. அந்தச் சமாதானமும் பரீட்சைக்கு வரவேண்டும். நெப்டியூனும் வந்தது, வல்கனும் வந்தது. ஒன்று நின்றது, ஒன்று விழுந்தது. ஜோசியனோ பலிக்காத போது, பிறந்த நேரம் குறித்ததில் பிசகு என்கின்றான். பலித்த போது மட்டும் அதே நேரம் சரியாய்ப் போய்விடுகின்றது! இதை எந்தப் பரீட்சையில் வைப்பது?

விஞ்ஞானிகளும் தங்கள் பழைய சித்தாந்தத்தைச் சுலபத்தில் விடுவதில்லை என்று தாமஸ் கூன் என்பவர் 1962ல் வெளிவந்த நூலில் எடுத்துக் காட்டினார். வாஸ்தவந்தான். விஞ்ஞானியும் மனிதனே, அவனுக்கும் பிடிவாதம் உண்டு. அதனாலேயே ஒருவர் தவறை மற்றொருவர் பயமின்றி எடுத்துச் சொல்லும் சுதந்திரம் வேண்டும். அது இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய ஆராய்ச்சிச் சாலை கட்டினாலும் அங்கும் ஒரு குருபீடந்தான் உண்டாகும்.

1687ல் வெளியான நியூட்டன் கொள்கை இருநூறு வருஷத்துக்கு மேல் அசைக்க முடியாததாயிருந்தது. அதற்கே திருத்தம் வந்ததென்றால், எதைத்தான் முடிந்த முடிவு என்பது? ஆனால் எல்லாம் சந்தேகந்தானே, எதை நம்பினாலென்ன என்று சொல்லிவிடாதீர்கள். பாலம் கட்ட இன்றும் நியூட்டன் கணக்குப் போதும். பல பரீட்சைகளில் நின்றதற்கும், பரீட்சைக்கே வர மறுப்பதற்கும் மலைக்கும் மடுவுக்குமுள்ள வித்தியாசமுண்டு.

ஆகையால் தோழர்களே, யார் எந்தக் கொள்கையோடு வந்தாலும், “எது நடந்தால் இதை விட்டுவிடுவாய்?” என்று முதலில் கேளுங்கள். நம்மையும் அப்படியே கேளுங்கள். நாம் சொன்னதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.