எண்ணெய் ஊர் சொல்லும் பாடம்



மின்சாரம் வருவதற்கு முன்பு நம் லயங்களில் இருட்டியதும் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. அந்த விளக்கின் சிம்னியைச் சாம்பலும் துணியும் கொண்டு துடைத்த கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. பூமிக்குள்ளிருந்து எண்ணெயை எடுத்து, காய்ச்சி வடித்து, விளக்கு எரிப்பதற்கு விற்கும் தொழில் வட அமெரிக்காவில் எங்கே தொடங்கியது தெரியுமா? கனடா நாட்டில், லேம்டன் என்னும் வட்டாரத்தில் இருந்த ஒரு காட்டில். எண்ணெயால் உருவான அந்த வட்டாரத்து மக்கள் தங்கள் ஊர் வரலாற்றை எப்படிக் காத்து வைத்திருக்கிறார்கள் என்பதே இன்றைய பேச்சு. அதில் தோட்டத்து மக்களாகிய நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

நம் நாட்டில் மாநிலத்துக்குள் மாவட்டங்கள் இருப்பது போல, கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்துக்குள் கவுண்டிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று லேம்டன். ஒரு பக்கம் ஹியூரான் ஏரி. இன்னொரு பக்கம் செயின்ட் கிளேர் ஆறு. ஆற்றைக் கடந்தால் அமெரிக்கா. வெள்ளையர் வருவதற்கு முன்பே அங்கே ஆம்ஜிவ்னாங் என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்ந்து வந்தார்கள். தரையில் கசிந்து தார் போல் உறைந்து கிடந்த கருமையான பிசின் எண்ணெயை அம்மண்ணின் பூர்வகுடிகள் நன்கு அறிவார்கள், மருந்தாகவும் பயன்படுத்தினார்கள். 1827ஆம் ஆண்டில் ஏற்பட்ட ஓர் ஒப்பந்தத்தால் அவர்களுடைய நிலத்தின் பெரும்பகுதி பிரிட்டிஷ் அரசின் கைக்குப் போயிற்று.

1858ஆம் ஆண்டில் ஜேம்ஸ் மில்லர் வில்லியம்ஸ் என்பவர் அங்கே கிணறு தோண்டினார். அவர் குதிரை வண்டி செய்யும் தொழிலர். கிணற்றில் கிடைத்த எண்ணெயைச் சுத்திகரித்து விற்கத் தொடங்கினார். அமெரிக்காவில் பெயர் பெற்ற டிரேக் என்பவரின் கிணறு இதற்கு ஓராண்டு கழித்து, 1859இல்தான் எண்ணெய் கண்டது. வில்லியம்ஸின் கிணறு இருந்த இடம் ஆயில் ஸ்பிரிங்ஸ், அதாவது எண்ணெய் ஊற்று, என்று பெயர் பெற்றது. 1862ஆம் ஆண்டு ஜனவரியில் ஹியூ நிக்சன் ஷா என்பவர் பாறையைத் துளைத்தபோது எண்ணெய் வானுயரப் பீறிட்டது. அதை எப்படி நிறுத்துவது என்று எவருக்கும் தெரியவில்லை. எண்ணெய் ஓடைக்குள் பாய்ந்து ஓடிற்று. மறு ஆண்டே அந்த ஷா ஒரு கிணற்றுக்குள் இறங்கி, நச்சுக் காற்றால் மூச்சுத் திணறி மாண்டார். செல்வம் வந்த வழியே சாவும் வந்தது.

வந்த கூட்டம் நிலைத்ததா? நிலைக்கவில்லை. 1866இல் பக்கத்து ஊரான பெட்ரோலியாவில் பெரிய ஊற்று கண்டதும் எல்லோரும் அங்கே ஓடினார்கள். பெட்ரோலியா செழித்தது. 1880இல் தோன்றிய இம்பீரியல் ஆயில் நிறுவனம் சில ஆண்டுகள் அங்கே தலைமை அலுவலகம் வைத்திருந்தது. பிறகு அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஆற்றங்கரைப் பட்டணமான சார்னியாவுக்கு நகர்ந்துவிட்டது. பணம் ஓரிடத்தில் தங்காது, நேயர்களே. கித்தாக் காட்டில் பால் எடுத்த நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் பணம் போன பிறகும் அந்த ஊர்கள் தங்கள் கதையைப் போகவிடவில்லை. எப்படி?

முதலாவது, அவர்கள் தொழிலின் கருவியைக் காத்தார்கள். ஆயில் ஸ்பிரிங்ஸில் ஃபேர்பேங்க் என்னும் குடும்பம் 1861 முதல் எண்ணெய் எடுத்து வருகிறது. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஓர் இயந்திரம் வைத்தால் கட்டுப்படியாகாது. ஆகவே முதல்வரான ஜான் ஹென்றி ஃபேர்பேங்க் ஒரு வழி கண்டார். ஓர் இயந்திரம், அதிலிருந்து நீண்ட மரக்கோல்கள் தரைக்குச் சற்று மேலே, கம்பங்களில் தொங்கியபடி பல திசைகளிலும் போகும். இயந்திரம் இழுத்து விட, கோல்கள் முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தில் தூரத்துக் கிணறுகளின் பம்புகள் எல்லாம் ஒருங்கே ஏறி இறங்கும். இதற்கு ஜெர்க்கர் லைன் என்று பெயர். நீராவிக்குப் பதிலாக மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் மரக்கோல்கள் அந்தக் காலத்து முறையிலேயே ஆடிக்கொண்டிருக்கின்றன, எண்ணெயும் வருகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த கருவி வாய் பேசாது. வேலை செய்யும் கருவியோ, பார்க்கிற பிள்ளைக்குத் தானே பாடம் சொல்லும்.

இரண்டாவது, அவர்கள் தொழிலாளர் வீட்டுக் கடிதங்களைக் காத்தார்கள். லேம்டன் கிணறுகளில் தொழில் கற்ற துளைப்பாளர்கள் 1870களிலிருந்து உலகெங்கும் கூலி வேலைக்குப் போனார்கள். ஜாவா, சுமத்ரா, பர்மா, போர்னியோ என்று நம் பக்கத்துக்கும் வந்தார்கள். சரவாக் மாநிலத்தின் மிரியில் 1910ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் எண்ணெய் கண்ட முதல் கிணறு நிற்கும் குன்றுக்குக் கனடா குன்று என்றே பெயர். கனடாக்காரர் வந்து துளையிட்டதால் ஏற்பட்ட பெயர் அது. அந்தக் கிணறு 1972 வரை எண்ணெய் தந்தது. 2005 முதல் அதன் அருகில் ஓர் அரும்பொருளகமும் இருக்கிறது.

கடல் கடந்து போன அந்த மனிதர்கள் மனைவிக்கும் தாய்க்கும் எழுதிய கடிதங்கள், அனுப்பிய படங்கள், கொண்டு வந்த சிறு பொருள்கள் எல்லாம் வீட்டுப் பெட்டிகளில் கிடந்தன. 1960ஆம் ஆண்டில் ஆயில் ஸ்பிரிங்ஸில், வில்லியம்ஸின் கிணறு இருந்த இடத்திலேயே, கனடா எண்ணெய் அரும்பொருளகம் திறக்கப்பட்டது. பெட்டியில் இருந்த பொருள்கள் அங்கே வந்து சேர்ந்தன. பேரன் பேத்திகள் அவற்றைக் குப்பை என்று எறிந்திருந்தால், அந்த மனிதர்கள் எங்கே போனார்கள், என்ன பட்டார்கள் என்று இன்று யார் சொல்லுவார்?

மூன்றாவது, அவர்கள் ஊர்ப் பொதுக் கட்டடத்தைக் காத்தார்கள். பெட்ரோலியாவில் எண்ணெய்ப் பணத்தில் 1889இல் கட்டிய விக்டோரியா மண்டபம் 1989இல் தீப்பற்றி எரிந்தது. இடித்துவிட்டு வேறு கட்டலாம் என்று விட்டுவிடவில்லை. எஞ்சியதைக் கொண்டு மீண்டும் எழுப்பி, 1992இல் திறந்தார்கள்.

இனி நான் சொல்லப் போவது நமக்கு இன்னும் நெருக்கமானது. ஜப்பான்காரன் 1942இல் மலாயாவைப் பிடித்ததும், நேச நாடுகளுக்கு நம் ரப்பர் கிடைக்காமல் போயிற்று. லாரிக்கும் விமானத்துக்கும் டயர் வேண்டுமே! கனடா அரசாங்கம் அதே ஆண்டில் லேம்டன் வட்டாரத்துச் சார்னியாவில் பாலிமர் என்னும் நிறுவனத்தை ஏற்படுத்தி, எண்ணெயிலிருந்து செயற்கை ரப்பர் செய்ய ஆலை கட்டியது. 1943இல் ரப்பர் வெளிவந்தது. பிற்பாடு 1971 வரிசையைச் சேர்ந்த கனடாவின் பத்து டாலர் நோட்டில் அந்த ஆலையின் படமே இடம் பெற்றது. அவ்வளவு பெருமை அதற்கு.

ஆலை கட்ட வந்தவர்களின் குடும்பங்களுக்காகப் பக்கத்தில் புளூவாட்டர் என்ற குடியிருப்பு எழுந்தது. வரிசை வீடுகள், பிள்ளைகள், பண்டிகைகள் என்று அது ஓர் ஊராகவே வாழ்ந்தது. சுற்றிலும் இரசாயன ஆலைகள் பெருகவே, 1960களில் அந்தக் குடியிருப்பு அகற்றப்பட்டது. ஆலையின் படம் பணநோட்டில் ஏறியது. தொழிலாளர் வீடுகள் தரைமட்டமாயின. ஆயினும் அங்கே வளர்ந்தவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. தங்கள் நினைவுகளைத் திரட்டிப் புத்தகமாக்கினார்கள். ஊர் போயிற்று; ஊரின் பெயர் போகவில்லை.

ஆம்ஜிவ்னாங் மக்களை மறந்துவிடக் கூடாது. இன்று அவர்களுடைய குடியிருப்பைச் சுற்றி ஆலைகள் நிற்கின்றன. முதல் கிணற்றைப் புகழும் கல்வெட்டு அவர்கள் இழந்ததைச் சொல்லாது. ஆனால் அவர்கள் தம் மக்களின் பிறப்புக் கணக்கை ஒழுங்காக வைத்திருந்தார்கள். 2005இல் வெளியான ஓர் ஆய்வு, அந்தக் கணக்கைக் கொண்டுதான், அங்கே ஆண் குழந்தைகளின் பிறப்பு விகிதம் குறைந்து வருவதை உலகுக்குக் காட்டியது. ஏன் என்ற கேள்வியை எழுப்ப அவர்கள் கையில் சான்று இருந்தது. எழுதி வைத்த பெயர் என்றோ ஒரு நாள் சாட்சி சொல்ல வரும், நேயர்களே.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். சார்னியாவில் செயற்கை ரப்பர் வெளிவந்த அதே 1943இல்தான் சயாம் மரண ரயில் பாதை கட்டி முடிக்கப்பட்டது. நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அந்த வேலைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். திரும்பி வராதவர்கள் எத்தனையோ பேர். காஞ்சனபுரியில் நேச நாட்டுப் போர்க் கைதிகளின் கல்லறைகளைப் பாருங்கள். வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கற்கள். நம்மவர்களுக்கு அப்படித் தனித்தனிப் பெயர்க்கல் உண்டா? இல்லை. அவர்களுடைய பெயர்கள் எங்கே இருக்கின்றன? உங்கள் வீட்டுப் பாட்டியின் நினைவில் இருக்கின்றன. பாட்டி போனால் அவையும் போய்விடும்.

நம் தோட்டங்களையும் ஓர் எண்ணெய் மாற்றியிருக்கிறது. அது செம்பனை எண்ணெய். ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. பிறகு பல இடங்களில் செம்பனையும் போய், வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்கள் இடிக்கப்பட்டன, கோயில்கள் இடம் பெயர்ந்தன, பள்ளிகள் பட்டணத்துக்குப் போயின. எத்தனை ஏக்கர், எத்தனை பவுண்டு ரப்பர் என்ற கணக்கை நிறுவனங்கள் எழுதி வைத்தன. அது அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆயாக்கொட்டகையில் எத்தனை பிள்ளைகளைத் தாலாட்டினார்கள், கள்ளுக்கடைக்கு எதிராக யார் குரல் எழுப்பினார்கள், கூலி உயர்வுக்காக யார் வேலை இழந்தார்கள் என்பதை அவர்கள் எழுதவில்லை. அதை நாம்தான் எழுத வேண்டும்.

வகுப்பில் மாணவர்களிடம் தாத்தாவின் பெயரைக் கேட்டால் பட்டென்று சொல்லுவார்கள். தாத்தாவின் அப்பா பெயரைக் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மூன்றே தலைமுறையில் பெயர் அறுந்துவிடுகிறது. ஆகவே செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறேன். இவற்றுக்குப் பணம் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் போதும்.

வீட்டில் உள்ள பழைய புகைப்படங்களை எடுங்கள். அதில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா மை ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும். பெயர் எழுதாத படம் நாற்பது ஆண்டு கழித்து யாரோ ஒருவருடைய படம் ஆகிவிடும்.

இடிந்துபோன லயத்தின் வரைபடத்தை, அங்கே வாழ்ந்தவர்கள் இருக்கும்போதே போடுங்கள். கிணறு எங்கே, பெரட்டுக் களம் எங்கே, கோயில் எங்கே, எந்த வீட்டில் எந்தக் குடும்பம் என்று குறியுங்கள். இரண்டு பெரியவர்களைச் சேர்த்து உட்கார வைத்தால் ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுப்பார்.

பால்வெட்டும் உளி, மங்கு, காண்டா வாளி, தலைவிளக்கு ஆகியவற்றைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடாதீர்கள். ஒவ்வொன்றிலும் யார் பயன்படுத்தியது என்று ஒரு சீட்டுக் கட்டுங்கள். பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ ஓர் அலமாரி ஒதுக்கினால், அதுவே உங்கள் ஊர் அரும்பொருளகம்.

பிள்ளைகளே, உங்கள் கையில் கைப்பேசி இருக்கிறது. அதில் தாத்தா பாட்டியின் குரலைப் பதிவு செய்யுங்கள். தொடங்கும்போது அவர் பெயரையும் தேதியையும் இடத்தையும் சொல்லிவிடுங்கள். “பழைய கதை சொல்லுங்கள்” என்றால் அவர்களுக்கு ஒன்றும் தோன்றாது. “விடியற்காலை எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? கையில் என்ன எடுத்துக்கொண்டு போனீர்கள்? மழை பெய்தால் கூலி உண்டா?” என்று கேளுங்கள். கதை தானாக வரும். துன்பத்தைச் சொல்லும்போது இடைமறிக்காதீர்கள். அவர் சொல்ல விரும்பாததைத் தோண்டிக் கேட்கவும் வேண்டாம். பதிவை ஒரே இடத்தில் வைக்காமல், இன்னொரு படியெடுத்து உறவினர் வீட்டிலும் வையுங்கள்.

தோட்டத்து இடுகாட்டுக்கும் ஒரு நாள் போய் வாருங்கள். கல்லில் எழுத்து அழிவதற்கு முன் அதில் உள்ள பெயரையும் ஆண்டையும் படித்து எழுதி வையுங்கள்.

லேம்டன் மக்கள் அறிஞர்கள் வருவார்கள் என்று காத்திருந்து இவற்றைச் செய்யவில்லை. எண்ணெய் தோய்ந்த கையோடு உழைத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வீட்டுப் பெட்டியைத் திறந்தார்கள்; அவ்வளவுதான். நம் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். இந்த வார ஓய்வு நாளில் அதைத் திறந்து பாருங்கள். முதல் பக்கத்தில் தேதியைப் போட்டு, உங்களுக்குத் தெரிந்த மிக மூத்தவரின் பெயரை எழுதுங்கள். அடுத்த பெயரை அவரிடமே கேளுங்கள்.