பதிவேட்டின் முதல் பெயர்

இந்த மாநாட்டுக்குத் தலைமை ஏற்கப் பணித்ததைப் பெரும்பேறாகக் கருதுகிறேன். திருச்சபை வரலாற்றுத் துறையில் என்னினும் மூத்தவர்கள் அவையில் அமர்ந்திருக்க, முதலில் பேச எழுவது சற்று அச்சமும் தருகிறது. ‘விசுவாசத்தின் தாய்மாரும் ஞான வழிகாட்டிகளும்’ என்பது நம் பொருள். தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள், அகுஸ்தீனின் தாய் மோனிக்கா, நீசா கிரகோரியின் தமக்கை மக்ரீனா ஆகியோரைக் குறித்து அமர்வுகளில் விரிவாகக் கேட்கவிருக்கிறோம். இந்த நால்வரையும் நாம் அறிவது அவர்கள் வளர்த்தெடுத்த ஆண்களின் வழியாகவே. பிள்ளையின் புகழ்தான் தாய்க்கு வரலாற்றில் இடம் வாங்கித் தந்திருக்கிறது. அப்படிப் புகழ்பெற்ற பிள்ளை ஒருவரும் இல்லாத ஆன்மிகத் தாயை நம் துறை எப்படி நடத்தியிருக்கிறது என்பதற்குப் பாளையங்கோட்டை குளோரிந்தாவே சான்று.

அவர் வரலாற்றின் அடிப்படைச் செய்திகள் நீங்கள் அறிந்தவை. தஞ்சை அரசரின் பணியில் இருந்த மராட்டியப் பிராமணர் ஒருவரின் விதவை அவர். ஆங்கிலப் படை அதிகாரி லிட்டில்டனோடு வாழ்ந்தபோது கிறிஸ்தவ போதனைகளை அவரிடம் கற்றார். அந்த வாழ்க்கை தொடர்ந்தவரை மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் தர மறுத்தார். லிட்டில்டன் இறந்தபின் 1778இல் பாளையங்கோட்டையில் தந்தார். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் 40 பேர் இடம்பெறுகிறார்கள். முதல் பெயர் குளோரிந்தா. பல சாதியினர் அடங்கிய அந்தப் பட்டியலில், கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் தந்தை தேவசகாயமும் இருக்கிறார். பெரும்பாலும் குளோரிந்தாவின் பொருளுதவியால் எழுந்த ஆலயத்தை 1785இல் சுவார்ட்ஸ் பிரதிஷ்டை செய்தார். பேராயர் கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி மிஷன் வரலாற்றில் இந்தப் பதிவேட்டுக்கு உரிய இடம் கொடுத்திருக்கிறார். ஆனால் அவருக்குப் பின் வந்த நம்மில் பலர், சுவார்ட்ஸ் விதைத்தார், யெனிக்கே நீர் பாய்ச்சினார், இரேனியஸ் அறுத்தார் என்ற மிஷனரிகளின் வரிசையில் நின்றுவிட்டோம். குளோரிந்தா வெறும் ‘ஆதரவாளர்’ ஆகிப்போனார். நான் பெரிதும் மதிக்கும் ஆசிரியர்களும் இந்தச் சொல்லைக் கையாண்டிருக்கிறார்கள். அவர்களோடு இந்த ஓர் இடத்தில் என்னால் உடன்பட முடியவில்லை.

குளோரிந்தாவைச் சபையின் நிறுவனராகக் கொள்வதற்கு மறுப்புகள் உண்டு. 1771ஆம் ஆண்டுக் குறிப்பிலேயே சவரிமுத்து என்ற கிறிஸ்தவர் பாளையங்கோட்டையில் பிறருக்கு வேதத்தை வாசித்துக் காட்டியதைச் சுவார்ட்ஸ் எழுதியிருக்கிறாரே என்பார்கள். உண்மைதான், சவரிமுத்துவின் பணி போற்றத்தக்கதே. ஆனால் ஓர் ஊரில் கிறிஸ்தவர் இருப்பது வேறு, அங்கே ஒரு சபை கூடுவது வேறு. கூடி ஆராதிக்க ஓர் ஆலயமும், அதைத் தாங்கும் பொறுப்பும் யாரால் வந்தன என்பதே கேள்வி. பதிவேட்டின் வரிசை ஞானஸ்நானக் கால வரிசையாக மட்டும் இருக்கலாம், அதை மதிப்பு வரிசையாகக் கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். கொள்ள வேண்டியதில்லை. பட்டியல் தனித்து நின்றால் அந்த ஐயம் வலுப்பெறும். ஆலயமும் அதனோடு சேர்ந்து சாட்சி சொல்கிறது. பணம் லிட்டில்டன் விட்டுச்சென்றது என்பது அடுத்த வாதம். அப்படியே இருந்தாலும், அதை ஆலயமாக்கிய முடிவு குளோரிந்தாவுடையது. செல்வம் எங்கிருந்து வந்தது என்று கேட்டு எந்த ஆண் கொடையாளரின் பெயரையும் நாம் குறைத்ததில்லை.

நான்காவது தடை வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை. மணமின்றி ஓர் அதிகாரியோடு வாழ்ந்த பெண்ணைச் சபையின் தாய் என்று சொல்லப் பலருக்குத் தயக்கம். அதனால்தான் உடன்கட்டையிலிருந்து வெள்ளை அதிகாரி காப்பாற்றிய கதை நமக்கு இவ்வளவு இனிக்கிறது. அந்தக் காட்சியை வாசகர் மனத்தில் பதித்தது அ. மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல். நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு, வரலாற்றாசிரியருக்கு இல்லை. அந்தக் கதையில் குளோரிந்தா காப்பாற்றப்படுகிறவர். ஆவணத்திலோ அவரே தேடிச் செல்கிறார், மறுக்கப்படுகிறார், மறுத்தவரிடமே திரும்பி வந்து ஞானஸ்நானம் பெறுகிறார், சபையைத் தாங்குகிறார். மறைக்க வேண்டியது என்று நாம் நினைத்த பகுதியில்தான் அவருடைய விசுவாசத்தின் உறுதி வெளிப்படுகிறது.

தாய்மாரின் கண்ணீரையும் ஜெபத்தையும் புகழ்வதோடு நம் மரியாதை முடிந்துவிடக் கூடாது. அவர்கள் எடுத்த முடிவுகளையும் ஏற்ற பொறுப்புகளையும் ஆவணத்தோடு எழுதுவதே உண்மையான மரியாதை. நம் சேகரங்களின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளைத் தூசி தட்டி எடுங்கள். அவற்றிலுள்ள பெண்களின் பெயர்களைத் தொடர்ந்து செல்லுங்கள். திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றை இனி எழுதுவோர், அதை நிறுவியவர்களின் வரிசையிலேயே குளோரிந்தாவின் பெயரையும் எழுத வேண்டும் என்று இந்த அவையைக் கேட்டுக்கொண்டு, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.