வளர்த்த கோழியின் இறுதி வேளை



ஊரைவிட்டு இவ்வளவு தொலைவு வந்த பின்னும், குவார்ட்டர்ஸின் கொல்லைப்புறத்தில் பஞ்சாரம் கவிழ்க்கும் வழக்கத்தை நாம் விட்டோமில்லை. (புலால் உண்ணா அன்பர்கள் சற்றே பொறுத்தருள்க.) பெயரிட்டு வளர்த்த கோழியை அறுக்கும் நாளில் நம் கை நடுங்குவது இயல்பே. அந்நடுக்கம் கத்தியில் இறங்கலாகாது.

முந்திய இரவே தீனியை நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைப்போம். விடியுமுன், துரத்தாமல் எடுப்போம். இருளில் கோழி அமைதியாயிருக்கும். காலைப் பற்றித் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தெருவெல்லாம் நடப்பது எத்துணைக் கொடுமை! தேவையற்ற துன்பம் நேரும்படி உயிர்களைக் கொண்டுசெல்வது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமுமாகும். சிறகுகளை உடலோடணைத்துத் துணியால் சுற்றிக்கொண்டு, தாடைக்குக் கீழே கழுத்தின் இருபுறத்து இரத்தக்குழாய்களும் அறும்படி, நன்கு தீட்டிய கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்தல் வேண்டும். மழுங்கிய கத்தியே பெரும்பாவம். கை தேறாதவர் அறிந்தவரை அழைத்துக்கொள்வதில் இழுக்கொன்றுமில்லை. நினைவிழந்த பின்னும் சிறகு அடித்துக்கொள்ளும். அது நரம்பின் துடிப்பேயன்றி வேதனையன்று.

பிள்ளைகளிடம் மட்டும், ‘கோழி எங்கோ ஓடிப்போயிற்று’ என்று பொய்யுரைக்கின்றோம். நண்பகலில் குழம்பின் மணம் உண்மையைச் சொல்லிவிடுமே! முதல் நாளே சொல்லிவிடுவோம். அழுதால் அழட்டும். உண்ண மறுக்கும் பிள்ளையை வற்புறுத்தவும் வேண்டா. அன்று அதற்குப் பருப்பும் நெய்யும் பிசைந்து கொடுத்தால் போதும்.