கணினிக்குள் உலகமும் அதைப் படைத்த கர்த்தாவும்

மனிதர் வாழும் உலகம் எங்கோ ஒரு கணினியில் ஓடும் சிமுலேஷனாக இருக்கலாம் என்ற வாதத்துக்குத் தத்துவ வடிவம் கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நிக் பாஸ்ட்ரம். 2003-இல் அவர் வெளியிட்ட கட்டுரை மூன்று கூற்றுகளை வைத்து, அவற்றில் ஒன்றாவது உண்மையாக இருந்தே தீரவேண்டும் என்கிறது. உலகையே சிமுலேஷனாக ஓட்டும் கணினியாற்றலை எட்டுமுன் ஏறக்குறைய எல்லா நாகரிகங்களும் அழிந்துபோகின்றன. அல்லது, எட்டியவை தம் முன்னோரின் வாழ்வைச் சிமுலேஷனாக ஓட்டிப்பார்க்க விரும்புவதில்லை. அல்லது, மனிதரைப் போன்ற அனுபவம் உடையவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே சிமுலேஷனுக்குள்தான் இருக்கிறார்கள். மூன்றாவதே உண்மை என்று பாஸ்ட்ரம் சொல்லவில்லை. மேடைகளிலும் பேட்டிகளிலும் முதலிரண்டும் காணாமல்போய் மூன்றாவது மட்டும் மிஞ்சிவிட்டது.

வாதத்தின் பலம் அதன் கணக்கில் இருக்கிறது. மனித குலத்தின் மன வாழ்க்கை முழுவதையும் சிமுலேஷனாக்க, 10-இன் 33 முதல் 36 வரையிலான அடுக்கு அளவுக்குச் செயல்பாடுகள் போதும் என்பது பாஸ்ட்ரத்தின் மதிப்பீடு. ஒரு கோளின் நிறையுள்ள கணினி நொடிக்கு 10-இன் 42ஆம் அடுக்கு அளவு செய்யக்கூடும். ஆகவே ஒரு நொடியின் சிறு துளியே மிகுதி. ஆனால் இந்த எண்கள் இவ்வுலக இயற்பியலிலிருந்து பெறப்பட்டவை. உலகமே சிமுலேஷன் என்றால், அதை ஓட்டும் மேலுலகின் விதிகளும் இவையே என்பதற்கு என்ன உறுதி? முடிவை ஏற்றுக்கொண்டால் அதைத் தாங்கும் கணக்கு ஆட்டங்காண்கிறது. நரம்பணுக்களில் எழும் உணர்வு சிலிக்கனிலும் எழும் என்பதும் நிரூபிக்கப்படாத முற்கோள்.

படைப்புக் கடவுளோடு சிமுலேஷனை ஓட்டுபவருக்கு உள்ள ஒற்றுமையைப் பாஸ்ட்ரமே குறிப்பிடுகிறார். ஓட்டுபவர் உலகை உண்டாக்கியவர். விதிகளை மீற வல்லவர். நடப்பது யாவற்றையும் அறியக்கூடியவர். உலகை ஒருமுறை படைத்துவிட்டு விலகாமல், கணந்தோறும் அதை இருப்பில் நிறுத்துபவர் கடவுள் என்று தாமஸ் அக்வினாஸ் வாதிட்டார். நிரல் நின்றால் சிமுலேஷன் உலகும் இல்லை என்பதால், உண்மையில் இந்த ஒற்றுமையே ஆழமானது. ஆனால் அந்தக் கணினியை இருப்பில் நிறுத்துவது எது? அதன் சொந்தக்காரரும் வேறொருவருடைய சிமுலேஷனில் இருக்கலாம். அக்வினாஸின் கடவுளோ வேறெதையும் சார்ந்து நிற்பவரல்லர். சிமுலேஷன் கோட்பாடு முதல் காரணம் பற்றிய கேள்விக்கு விடை தருவதில்லை. அதை ஒரு மாடி மேலே ஏற்றிவைக்கிறது.

சைவ சித்தாந்தத்தின் சட்டகம் இங்கே கூடுதலாகப் பயன்படுகிறது. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அதுபோல உலகுக்கு மாயை, சத்தி, இறைவன். கையில் இருக்கும் வன்பொருளைக் கொண்டு வேலைசெய்யும் நிரலர், சூனியத்திலிருந்து படைக்கும் கிறித்தவக் கடவுளைவிட இந்த நிமித்த காரணனுக்கே நெருங்கியவர். ஒப்புமை அதோடு முடிகிறது. சித்தாந்தத்தில் உயிர்கள் அநாதி, படைக்கப்பட்டவை அல்ல. அவற்றைப் பிணித்திருக்கும் மலம் நீங்க உதவுவதே படைப்பின் நோக்கம். நிரலருக்கு அருள் நோக்கம் எதுவும் தேவையில்லை. வெறும் ஆராய்ச்சியாகவோ பொழுதுபோக்காகவோ அவர் ஓட்டலாம்.

உலகின் அமைப்பைக் கொண்டு அதை ஆக்கியவரின் குணத்தை ஊகிக்க முடியாது என்று டேவிட் ஹியூம் முன்பே எழுதினார். அவர் இறந்தபின் 1779-இல் வெளியான இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல்களில், இவ்வுலகம் ஏதோ ஒரு குழந்தைத் தெய்வத்தின் அரைகுறை முயற்சியாகவும் இருக்கலாம் என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. சிமுலேஷன் வாதத்துக்கு இது அப்படியே பொருந்தும்.

சோதித்துப் பார்க்கவும் முயற்சி நடந்தது. வெளி ஒரு கட்டத்தின்மீது கணக்கிடப்படுகிறது என்றால், மிக உயர் ஆற்றல் காஸ்மிக் கதிர்கள் வரும் திசைகளில் அதன் சுவடு தெரியக்கூடும் என்று சைலஸ் பீன், ஸோரே தாவூதி, மார்ட்டின் சாவேஜ் ஆகிய இயற்பியலாளர்கள் 2012-இல் காட்டினர். சுவடு தெரியாவிட்டால் கோட்பாடு பொய்யாகிவிடாது. ஓட்டுபவர் நுண்ணிய கட்டத்தைப் பயன்படுத்தினார் என்று சொல்லித் தப்பலாம். இந்த வசதி உள்ளவரை இதை அறிவியல் கருதுகோள் என்பது மிகை.

ஆகவே இறைநம்பிக்கைக்கு அறிவியல் தந்த சான்றாக இதைக் காட்டுவது செல்லாது. கடவுளுக்கு மாற்று கிடைத்துவிட்டது என்பதும் செல்லாது. நாத்திகரான தத்துவவாதி டேவிட் சால்மர்ஸ், இக்கோட்பாட்டுக்குப் பிறகே கடவுள் இருக்கக்கூடும் என்பதை முன்னைவிடப் பொருட்படுத்தத் தொடங்கியதாக 2022-இல் வெளியான நூலில் எழுதுகிறார். அத்தகைய படைப்பாளர் ஒருவர் இருந்தாலும் அவரை வணங்கக் காரணமில்லை என்பதே அந்நூலில் அவர் எட்டும் முடிவு.